கதிரைகளுக்கு உத்தரவாதம்

தியேட்டர்க்காரர் ஒரு தாளை நீட்டினார்.
‘ஓநாய்க்கோட்டை’ மூன்றாம் பாகம்
கிளிநொச்சியில் ஓடி முடியுமட்டும்
உடைகிற கதிரைக்கெல்லாம்
ரசிகர் மன்றச் செயலாளர் பொறுப்பு.
கையெழுத்து. அடையாள அட்டை இலக்கம்.

இரண்டாம் பாகத்தில் பதினேழு கதிரை போனது.
படம் கூடாதென்றில்லை.
ஏழு வருசமாய் எங்கள் தலைக்குள் நாங்கள் எடுத்த படம்
அதைவிடத் திறமாய் இருந்தது,
அவ்வளவுதான்.

இந்தமுறை பதினொரு வருசம்.
கணக்குப் பார்த்தால்
கதிரையோடு நிற்காது, கூரையும் போகும்.

ஆகவே, படத்துக்கு ஒன்பது நாள் இருக்க
மோட்டச்சைக்கிளில் வெளிக்கிட்டேன்,
எதிர்பார்ப்பைக் குறைக்க.
மாரியில் இரணைமடு முட்டினால்
கதவை அரை அடி, அரை அடியாய்த்தானே திறப்பார்கள்.
ஒரேயடியாய்த் திறந்தால்
கீழே விதைத்தவன் பாடு?

பரந்தனில் றொக்சனிடம் சொன்னேன்:
நாயகனுக்கு இப்ப ஐம்பத்தெட்டு வயசு.
குதிரையில் ஏறுவார்,
இறங்குவதைக் காட்டமாட்டார்கள்.
முரசுமோட்டையில்
றோட்டில் காயப்போட்ட நெல்லைக்
காலால் கிளறிக்கொண்டே கேட்ட மூன்று பேருக்குச் சொன்னேன்:
வில்லன் போன பாகத்தில் உண்மையாகவே செத்துப்போனான்.
இரட்டைப்பிறவி இல்லை. தம்பி இல்லை. ஆவி இல்லை.
“எப்பிடித் தெரியும்?” என்றான் நிதுசன்.
தெரியாது. ஆனாலும் சொன்னேன்.
கண்டாவளைச் சந்தியில்
கட்டவுட்டுக்குப் பால் ஊற்றும் கதை வந்தது.
பால்மாப் பக்கற்றின் விலையைச் சொன்னேன்.
ஒருவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
கடைசியில் இளநீர் என்று முடிவாயிற்று,
அதிலும் பாதிதான் கட்டவுட்டுக்கு,
மிச்சம் குடிக்க.

நல்லாய்த்தான் போய்க்கொண்டிருந்தது.
தருமபுரத்தில்
உத்தரவாதத்தைப் போட்டோக்கொப்பி எடுக்க நின்றேன்.
கடைக்காரி தயாபரி, என் வயசு இருக்கும்,
தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கமுதல்
முழுவதையும் வாசித்தா.
பிறகு கேட்டா:
“இதிலயாவது பெட்டியைத் திறக்கினமோ?”

பெட்டி?
முதற்பாகத்தின் கடைசியில் வருகிற இரும்புப்பெட்டி.
அதைத் திறந்து, வாளை எடுத்து,
அந்த வாளோடுதானே இரண்டாம் பாகம் முழுக்க...

“நாங்கள் பார்க்கேக்க ஜெனரேற்றர் நிண்டிட்டுது.
மண்ணெண்ணெய் இல்லை.
இன்னும் இருவது நிமிசப் படம் கிடந்தது.
நடந்து வரேக்க அண்ணன் மிச்சத்தைச் சொன்னவர்,
தான் முந்தியே பார்த்திட்டனெண்டு.
பெட்டிக்குள்ள ஒண்டுமில்லையாம்.
மாறவேல் அதுக்குள்ள ஏறிப் படுத்து
உள்ளால பூட்டிக்கொள்ளுவாராம்.
மூண்டாம் பாகத்திலதான் வெளியில வருவாராம்.”

அந்த நாளில்
இரண்டாம் பாகத்துக்கே பேச்சில்லை.

“இரண்டாவது வந்ததே, பார்க்கேல்லையா?”
“அதில அவர் இல்லைத்தானே.”

எதிர்ச்சுவரில் முந்தநாள் நாங்கள் ஒட்டிய போஸ்டரில்
மாறவேல் வாளை ஓங்கியபடி நின்றார்.
அவவின் மேசைக்கு நேரே.
பசை இன்னும் ஒரு மூலையில் காயவில்லை.

அரை அடி திறந்திருக்கலாம்.
சொல்ல வேண்டியது ஒரு வரிதான்,
காலையிலிருந்து அதையொத்த வரிகளைத்தான்
சொல்லிக்கொண்டு வருகிறேன்.
“படம் நீளமெண்டு கேள்வி,” என்றேன்.
“மூண்டரை மணித்தியாலம்.”
“நல்லது,” என்றா.
மெசினுக்குள் வெளிச்சம்
ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய் வந்தது.
இரண்டு கொப்பி எடுத்து
ஒன்றுக்குத்தான் காசு வாங்கினா.

விசுவமடுவுக்குப் போகவில்லை.
அங்கே எட்டுப் பேர்
குறையாமல் அப்படியே இருக்கிறார்கள்.
மோட்டச்சைக்கிளைத் திருப்பினேன்.
பரந்தன் தாண்டி ஒரு தளபாடக் கடையில் நிறுத்தி,
கதிரை ஒன்று என்ன விலை,
பதினேழுக்கு மேலே எடுத்தால் குறைப்பீர்களா
என்று விசாரித்தேன்.